வாக்லர் குழிவிரியன்: அசையாமல் வேட்டையாடும் பாம்பு

சிங்கப்பூரில் பாம்பு என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது கால்வாய் ஓரத்தில் படுத்திருக்கும் மலைப்பாம்பும், எப்போதாவது தோட்டத்தில் படமெடுத்து நஞ்சைத் துப்பும் கருநிற நாகமும்தான். இவை இரண்டும் நகரத்தை அனுசரித்து வாழப் பழகிக்கொண்டவை. அவ்வாறு பழகாமல், இத்தீவில் எஞ்சியிருக்கும் பழைய காட்டை ஒட்டியே வாழும் நச்சுப்பாம்பு ஒன்று உண்டு. அதுவே வாக்லர் குழிவிரியன். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்திலும், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலும், அக்காட்டின் விளிம்பில் அமைந்த விண்ட்சர் இயற்கைப் பூங்காவிலும், நடைபாதையை ஒட்டிய இளமரக் கிளைகளிலேயே அது தென்படுவதுண்டு. ஆயினும், அசையாத ஒன்றைக் கண் எளிதில் பிரித்தறிவதில்லை என்பதால், வார இறுதியில் அவ்வழியே நடப்பவர்களில் மிகச் சிலரே அதைக் காண்கிறார்கள்.

இப்பாம்பைப் பற்றி நம்மிடையே இருவிதமான பேச்சு உண்டு. கடித்தால் பிழைக்க முடியாத கொடிய விரியன் என்பது ஒன்று. மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாம்புக் கோயிலில் பீடத்தின் மேலேயே படுத்திருக்கும் சாதுவான பாம்பு, எதுவும் செய்யாது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டையும் அப்படியே நம்பி நடந்துகொள்வது ஆபத்து. இதன் நிறம், உடலளவு, நஞ்சின் தன்மை, மனிதரிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே கிளையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து இரையைப் பிடிக்கும் அதன் வாழ்முறையே அவற்றையெல்லாம் விளக்கும் திறவுகோலாக அமைகிறது.

முதலில் தோற்றம். வளர்ந்த பெண் பாம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். கருத்த உடலில் மஞ்சள் பட்டைகளும், செதில்தோறும் பச்சையோ மஞ்சளோ கலந்த புள்ளிகளும், கழுத்தைவிட மிகவும் அகன்ற முக்கோணத் தலையும் கொண்டது. ஆண் பாம்பு அதில் பாதி நீளத்தைத்தான் எட்டும். விரல் பருமனில், தளிர்ப்பச்சை நிறத்தில், பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான சிறு புள்ளிகளோடு, கண்ணின் ஊடே ஓடும் சிவப்பு வெள்ளைக் கோட்டோடு இருக்கும். குட்டிகள் ஆணாயினும் பெண்ணாயினும் பச்சையாகவே பிறக்கின்றன. ஆண் அந்த இளம்பருவக் கோலத்தை வாழ்நாள் முழுதும் விடுவதில்லை. பெண்ணோ வளர வளரக் கருமையும் மஞ்சளும் ஏறி, பழைய உருவத்தின் சுவடே தெரியாமல் மாறிவிடுகிறது. ஒரே கிளையில் இரண்டும் அருகருகே இருந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு இனங்கள் என்றே புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார்.

அறிவியலுக்கும் இந்தக் குழப்பம் தீர நெடுங்காலம் ஆயிற்று. போயே என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1827இல் இதை விவரித்தபோது, ஊர்வன ஆய்வாளர் யோகான் கியோர்க் வாக்லரின் பெயரைச் சூட்டினார். பின்னர் தென்கிழக்காசியா முழுவதும் கிடைத்த, நிறமும் பட்டையும் வேறுபட்ட பற்பல பாம்புகளும் இந்த ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2007இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றைப் பிரித்து, போர்னியோவிலும் பிலிப்பீன்ஸிலும் வாழ்பவை வேறு இனங்கள் என்று நிறுவியது. தென் தாய்லாந்து, தென் வியட்நாம், மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமாத்ரா ஆகிய இடங்களில் வாழ்பவையே இன்று வாக்லர் குழிவிரியன் எனப்படுகின்றன. தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்து மேகமலையில் கிடைத்த இரண்டு இளம் பாம்புகளை வைத்து மால்கம் ஸ்மித் 1949இல் விவரித்த ஹட்டன் குழிவிரியன், பின்னாளில் இந்தப் பேரினத்திலேயே வைக்கப்பட்டது. மலாயாக் காடுகளின் இப்பாம்புக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் உறவினம் இருப்பதாகக் கருத அதுவே அடிப்படை.

இனி அதன் வேட்டை முறை. பெரும்பாலான பாம்புகள் இரையைத் தேடி ஊர்ந்து திரிகின்றன. இதுவோ கிளைகள் பிரியும் இடமாகப் பார்த்து, வாலை ஒரு கிளையில் இறுகச் சுற்றிக்கொண்டு, உடலை மடித்து அடுக்கி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்து வைத்து, தலையைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ நிறுத்தி அப்படியே இருந்துவிடுகிறது. பெண் பாம்புகள் ஒரே இடத்தில் பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில் தங்குகின்றன. இனச்சேர்க்கைக் காலத்தில் இணையைத் தேட வேண்டியிருப்பதால் ஆண்கள் சற்று அதிகம் நடமாடுகின்றன. பகலில் பெரும்பாலும் ஓய்வு, இரவில் விழிப்பு. பறவை, எலி, பல்லி, தவளை என அந்தக் கிளையைக் கடக்கும் எதுவும் பெண்ணுக்கு இரையாகலாம். சிறிய ஆணும் குட்டிகளும் தவளையையும் பல்லியையுமே நம்பியிருக்கின்றன. இந்த வாழ்வில் ஆற்றல் செலவு மிகக் குறைவு. ஒரு நல்ல உணவுக்குப் பிறகு நெடுநாள் பட்டினி கிடக்க முடியும். காத்திருப்பதே தொழிலாகக் கொண்ட விலங்குக்கு அந்தப் பொறுமை உடலமைப்பிலேயே வாய்த்திருக்கிறது.

இருட்டில், அசையாமல் இருந்தபடி, இரை வருவதை எவ்வாறு அறிகிறது? கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் குழிகள்தாம் விடை. குழிவிரியன் என்ற பெயருக்கும் அவையே காரணம். பாதுகாப்பான தொலைவில் நின்று நெடுந்தொலைவு லென்ஸ் வழியே பார்த்தால், மூக்குத்துளையைவிடப் பெரிதாக, சற்று முன்னோக்கித் திறந்த கருவாயாக அக்குழி தெரியும். வெளியில் தெரிவது வாய் மட்டுமே. அதனுள்ளே, சுமார் 15 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள சவ்வு ஒன்று, உறுமியின் வாயில் இழுத்துக் கட்டிய தோலைப்போல விறைப்பாக நிற்கிறது. முன்னும் பின்னும் காற்று இருப்பதால் சவ்வில் விழும் வெப்பம் வேறெங்கும் கசிந்து வீணாவதில்லை. நரம்பு முனைகளும் நுண்ணிய இரத்த நாளங்களும் அதில் நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. இதே உறுப்புக் கொண்ட அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புகளில் 1950களில் செய்த சோதனைகள், ஒரு பாகை செல்சியஸின் ஆயிரத்தில் சில பங்கு அளவேயான வெப்ப மாற்றத்தைக்கூடச் சவ்வு உணர்கிறது என்று காட்டின. எந்த மூலக்கூறு இதைச் செய்கிறது என்பது 2010இல்தான் தெரிந்தது. மனிதரில் கடுகின் காரத்தை உணரப் பயன்படும் அதே வகை நரம்புப் புரதம், இப்பாம்புகளில் வெப்பமானியாக மாறியிருக்கிறது. அந்த ஆய்வை நடத்திய குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குழிகள் தரும் வெப்பப் படமும் கண்கள் தரும் ஒளிப்படமும் பாம்பின் மூளையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. ஆகவே இருளில் கிளைவழி வரும் எலி, குளிர்ந்த பின்னணியில் தனித்துத் தெரிகிறது.

இதுவரை சொன்னவை பிற குழிவிரியன்களுக்கும் பெரிதும் பொருந்துபவை. இப்பாம்பைத் தனித்து நிறுத்துவது அதன் நஞ்சு. விரியன் நஞ்சு இரத்தத்தையும் திசுக்களையும் தாக்கும், நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். பொதுவாக அது சரியே. வாக்லர் குழிவிரியன் இந்தப் பொதுவிதிக்கு விலக்கு. மலாயாத் தீபகற்பம், பினாங்கு, சுமாத்ரா ஆகிய மூன்று இடங்களின் பாம்புகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், நஞ்சிலுள்ள புரதப் பொருள்களில் 38.2 விழுக்காடு வாக்லெரின் எனப்படும் சிறு பெப்டைடுகளே என்று தெரியவந்தது. இரத்தத்தைச் சிதைக்கும் நொதிகள், மற்ற குழிவிரியன்களோடு ஒப்பிட்டால் சொற்பமே. நிறத்திலும் அளவிலும் அவ்வளவு வேறுபடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நஞ்சில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. பச்சை நிறத்துச் சின்னப் பாம்புதானே என்று எண்ணி நெருங்குபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நஞ்சின் அளவு குறைவாக இருக்கலாம், தரம் ஒன்றே.

வாக்லெரின் என்பது 22 அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த மிகச் சிறிய சங்கிலி. தசையை இயக்க வேண்டுமென்றால் நரம்பின் முனை அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட வேண்டும். அது தசையின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தும்போதுதான் தசை சுருங்கும். வாக்லெரின் அந்த ஏற்பியில் முந்திக்கொண்டு அமர்ந்து, அசெட்டைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கிறது. கட்டளை வந்தும் தசை கேட்பதில்லை. மூச்சுத் தசைகளும் அவ்வாறே செயலிழக்க, இரை சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. இத்தகைய நஞ்சு மரத்தின் மேல் வாழும் பாம்புக்கு ஏன் பொருத்தமானது என்பதை ஊகிப்பது கடினமன்று. தரைவாழ் விரியன்கள் பல, கடித்துவிட்டு இரையை விட்டுவிடும். அது ஓடி விழுந்த இடத்தை மோப்பம் பிடித்துச் சென்று விழுங்கும். கிளையில் அது முடியாது, கடிபட்ட பறவை பறந்துவிட்டாலோ எலி கீழே விழுந்துவிட்டாலோ உணவு போயிற்று. ஆகவே மரவாழ் குழிவிரியன்கள் கடித்த வாயை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீளமான பற்கள் அதற்குத் துணை. பிடியில் திமிறும் இரையை விரைவாகத் தளரச் செய்யும் நஞ்சு, கடிக்கும் பாம்பின் கண்ணையும் வாயையும்கூடக் காக்கிறது.

அடுத்து வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பாம்பின் கதையிலேயே மிக முக்கியமான பகுதி. வாக்லெரின் எல்லா விலங்குகளிடமும் ஒரே வலிமையோடு செயல்படுவதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, சுண்டெலியின் தசை ஏற்பியோடு அது பிணையும் இறுக்கம், பெரிய எலியின் ஏற்பியோடும் மனித ஏற்பியோடும் பிணைவதைவிட 100 மடங்கு அதிகம் என்று கண்டது. ஏற்பியின் மேற்பரப்பில் ஓரிரு அமினோ அமிலங்கள் வேறுபடுவதே இதற்குக் காரணம். இதன் விளைவைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பாம்பு நஞ்சின் கொடுமையை உலகெங்கும் சுண்டெலியில் சோதித்தே அளக்கிறார்கள். எத்தனை மைக்ரோகிராம் செலுத்தினால் சோதனைச் சுண்டெலிகளில் பாதி இறக்கின்றன என்பதே அளவுகோல். வாக்லர் குழிவிரியனின் நஞ்சில் ஒரு கிராம் உடல் எடைக்கு 0.56 முதல் 0.63 மைக்ரோகிராமே அதற்குப் போதும். இந்த எண்ணை மட்டும் எடுத்து மற்றப் பாம்புகளோடு வரிசைப்படுத்தினால் இது மனிதரையும் அதே வேகத்தில் கொல்லும் என்றே தோன்றும். ஆனால், அளவுகோலாக வைத்த விலங்கே இந்த நஞ்சுக்கு வழக்கத்துக்கு மாறாக எளிதில் பலியாகும் விலங்காக இருக்கிறது. இணையத்தில் உலவும் ‘கொடிய பாம்புகளின் பட்டியல்’ எதையும் நம்புவதற்கு முன், அதிலுள்ள எண்கள் எந்த விலங்கிடமிருந்து பெறப்பட்டவை என்று கேட்பது நல்லது.

மனிதருக்கு நேர்ந்த கடிகளில் மருத்துவர்கள் பெரும்பாலும் கண்டிருப்பவை கடிவாயில் கடும் வலியும், பல நாள் நீடிக்கக்கூடிய வீக்கமும்தான். உயிரிழப்பு மிக அரிது. அதற்காக அலட்சியம் கூடாது. குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் எந்த நச்சுப்பாம்பின் கடியும் ஆபத்தானதே. அத்துடன், நமக்குப் பழக்கமான முறிமருந்துகள் இங்கே துணைக்கு வருவதில்லை. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் தயாராகும் முறிமருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் கருதிச் செய்யப்படுவது. சிங்கப்பூரின் மரவிரியன்களுக்கு உரியதன்று. தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சௌவபா நினைவு நிறுவனம் தயாரிக்கும் பச்சைக் குழிவிரியன் முறிமருந்து, இரத்தத்தைத் தாக்கும் மற்றொரு பாம்பின் நஞ்சிலிருந்து செய்யப்படுவது. ஆகவே எந்தப் பாம்பு கடித்தது என்று மருத்துவருக்குத் தெரிவது சிகிச்சையைத் தீர்மானிக்கும் செய்தி.

ஏனென்றால், சிங்கப்பூரில் மரக்கிளைகளில் வாழும் குழிவிரியன் இது ஒன்று மட்டுமன்று. சுங்கை பூலோ, பாசிர் ரிஸ், புலாவ் உபின் ஆகிய இடங்களின் சதுப்புநிலக் காடுகளில், அலையாத்தி மரங்களின் தாழ்ந்த கிளைகளில் வாழும் கடலோரக் குழிவிரியன், மங்கிய ஊதா, பழுப்பு, சாம்பல் நிறங்களில் காணப்படும். சட்டெனச் சீறித் தாக்கும் இயல்பும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும் நஞ்சும் உடையது. வாக்லர் குழிவிரியனோடு அதற்குக் குடும்பம் ஒன்றே தவிர நஞ்சு வேறு. கருப்பும் மஞ்சளுமான பொன்வளையப் பூனைப்பாம்பைப் பெண் குழிவிரியனோடும், பச்சை நிறக் கொம்பேறி வகைகளை ஆண் குழிவிரியனோடும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மெலிந்து நீண்டு, கூர்மூக்கோடு, ஆளைக் கண்டதும் நழுவிச் சென்றால் பெரும்பாலும் அது குழிவிரியன் அன்று. தலை அகன்று, கழுத்து ஒடுங்கி, நீங்கள் வந்தும் அசையாமல் இருந்தால் தள்ளி நிற்க வேண்டியது அவசியம்.

இந்த நஞ்சுக்கு மற்றொரு முகமும் உண்டு. தசையைச் சுருங்கவிடாமல் தடுக்கும் வாக்லெரினின் செயலைப் பின்பற்றி, ஸ்விட்சர்லாந்தின் பென்டாஃபார்ம் நிறுவனம் செயற்கையாகச் சிறு மூலக்கூறு ஒன்றை உருவாக்கி, சின்-ஏக் என்ற பெயரில் முகப்பூச்சு நிறுவனங்களுக்கு விற்றது. ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ‘பாம்பு நஞ்சு’ என்று விளம்பரப்படுத்தப்படும் சுருக்கம் நீக்கும் பூச்சுகள் பலவற்றின் மூலம் இதுவே. அவற்றில் பாம்பின் நஞ்சு சிறிதும் இல்லை. எந்தப் பாம்பிடமிருந்தும் எதுவும் கறக்கப்படவும் இல்லை.

பினாங்குக்குச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலர், தண்ணீர்மலை முருகனைக் கண்டபின் பாயான் லெப்பாஸ் வழியிலுள்ள பாம்புக் கோயிலுக்கும் சென்று வருவதுண்டு. சோர் சூ கோங் என்ற துறவிக்கு 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அச்சீனக் கோயிலில், பீடத்திலும் கிளைச்செடிகளிலும் இப்பாம்புகள் படுத்திருக்கின்றன. ஊதுவத்திப் புகையில் அவை மயங்கிக் கிடக்கின்றன என்று சொல்வார்கள். ஆனால் புகையே இல்லாத மெக்ரிட்சிக் காட்டிலும் பகல்பொழுதில் அவை அதே போன்றுதான் கிடக்கின்றன. புற்றுக்குப் பால் வார்க்கும் மரபில் வந்த நமக்கு, ஒரு பாம்பைத் துறவியின் அடியாராக ஏற்று இடம் கொடுத்த அந்த மனம் புரியாததன்று. கோயிலில் பார்த்த பழக்கத்தில் காட்டில் அதைத் தொட முயல்வதுதான் கூடாது. காத்திருக்கும் பாம்பு உறங்கும் பாம்பன்று. கழுத்தை மடித்து வைத்திருக்கும் அந்த நிலையே தாக்குதலுக்கு ஆயத்தமான நிலை.

சிங்கப்பூரில் இதன் எதிர்காலம் காட்டின் பரப்பைவிடக் காட்டின் தொடர்ச்சியைப் பொறுத்தது என்பது என் கருத்து. புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம் ஏறத்தாழ 163 ஹெக்டர் மட்டுமே. 1980களில் போடப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை அதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. இரு காடுகளையும் இணைக்க 2013இல் கட்டி முடிக்கப்பட்ட 62 மீட்டர் நீளப் பசுமைப்பாலத்தில் உள்நாட்டு மரங்களும் புதர்களும் நடப்பட்டன. எறும்புதின்னிகள் அதைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவானது. நாள்கணக்கில் ஒரே கிளையில் தங்கும் விலங்கோ அத்தகைய பாலத்தைக் கடந்து செல்வதில்லை. அதிலேயே குடியிருந்து, குட்டி போட்டு, அக்குட்டிகள் அடுத்த மரத்துக்குப் பரவித்தான் மறுபக்கம் சேர முடியும். இது முட்டையிடாமல் குட்டிகளை ஈனும் பாம்பு. பெரிய பெண் ஓர் ஈற்றில் பல குட்டிகளைப் போடும். அக்குட்டிகளுக்குத் தேவையான தாழ்ந்த கிளைகளும் கொடிகளும் நடைபாதை ஓரங்களில் அளவுக்கு மீறிக் கழிக்கப்படாமல் இருப்பது, மேலே விதானம் அடர்த்தியாக இருப்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

படமெடுப்பவர்களால் வரும் தொல்லையும் சிறிதன்று. ஒரு பெண் பாம்பு தங்கியிருக்கும் கிளை சமூக ஊடகத்தில் பகிரப்பட்டால், அன்று மாலையே கேமராக்கள் சூழ்ந்துவிடுகின்றன. முகம் தெரியவில்லையென்று இலையை விலக்குவதும், குச்சியால் தலையைத் திருப்புவதும், இரவில் தொடர்ந்து ஒளி பாய்ச்சுவதும் அதன் வேட்டையைக் கெடுக்கின்றன. பல நாள் காத்திருப்பில் ஒரே ஒருமுறை வரும் இரை அந்த வேளையில் திரும்பிச் சென்றிருக்கலாம். வனவிலங்குகளை அனுமதியின்றிக் கொல்வதும் பிடிப்பதும் 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்கீழ்க் குற்றம். நடைபாதையில் இதைக் கண்டால் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று பார்க்கலாம். கைப்பிடிக் கம்பியிலோ பாதையின் குறுக்கேயோ இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம். தாழ்ந்த கிளையைப் பற்றிக்கொண்டு சரிவில் ஏறும் பழக்கம் உள்ளவர்கள், பற்றுவதற்கு முன் அக்கிளையைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் கடிகள் நேர்வது பெரும்பாலும் கையை வைக்கும் இடத்தில்தான்.

கடிபட்டால் கடிவாயை அறுக்கவோ உறிஞ்சவோ கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. வீக்கம் ஏறுவதற்குள் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அசையாமல் வைத்துக்கொண்டு 995ஐ அழைக்க வேண்டும். பாம்பைத் துரத்தவோ பிடிக்கவோ தேவையில்லை. அது அந்தக் கிளையிலேயேதான் இருக்கும். தொலைவிலிருந்து கைப்பேசியில் எடுத்த ஒரு படம் மருத்துவருக்குப் போதும்.